தேர்ட் ஹவர் ஃப்ரீ

போன இதழில் ஒரு மாணவிக்குப் பதில் எழுதும்போது, 'ஃப்ரீ ஹவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்' என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். ஆசிரியர் வராமல் கல்லூரியில் வகுப்பு நடக்காத மணி நேரத்தைத்தான் பிள்ளைகள் அப்படிச் சொல்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: திருச்சியில் ஒரு கலைக் கல்லூரி நூலகத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் வகுப்பில் எப்படி இருப்பார்கள் என்று பேராசிரியர்களைக் கேளுங்கள். வகுப்பு இல்லாதபோது எப்படி இருப்பார்கள் என்று என்னைக் கேட்கலாம்.

அம்மா, எங்களுக்கு வாரத்தில் நாலு ஹவர், சில வாரம் ஆறு ஹவர்கூட ஃப்ரீயாகப் போகிறது. வகுப்புப் பிரதிநிதி (சி.ஆர்.) வந்து 'தேர்ட் ஹவர் ஃப்ரீ' என்று சொன்னதும் எல்லாரும் கை தட்டுவோம். அப்புறம் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்ப்போம். பெல் அடிக்கும்போது என்ன பார்த்தேன் என்று எனக்கே ஞாபகம் இருக்காது. மனசு ஒரு மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?
இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவி, மணப்பாறை

முதலில் ஒன்று. கை தட்டுவதை நிறுத்தாதே. அந்தக் கைதட்டலில் ஒரு நியாயம் இருக்கிறது.

மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு வருகிறாய் என்றால் காலை ஏழு மணிக்கெல்லாம் பஸ்ஸிலோ ரயிலிலோ நின்றுகொண்டிருப்பாய். அந்த நேரம் உன்னுடையது இல்லை. வகுப்பு நேரம் வகுப்புக்குப் போய்விடும். வீட்டுக்குப் போனால் பாத்திரம், தண்ணீர், தம்பியின் வீட்டுப்பாடம். ராத்திரி கண்ணை இழுக்கும்போது அசைன்மெண்ட். உன் ஒரு நாளை விரித்துப் பார்த்தால், யாரும் உன்னை எதுவும் கேட்காத நேரம் அந்தத் தேர்ட் ஹவர் ஒன்றுதான். உன்னைப் போல ஊரிலிருந்து வருகிற பெண் பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலைமை. அது கை நழுவிப் போகிறது என்பதால்தான் உன் மனசு ஒரு மாதிரி ஆகிறது. அது சரியான வருத்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்களுக்கு டே ஆர்டர் முறை, அதாவது கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் வைத்து நடக்கிற டைம்டேபிள். ஆறு நாள் ஆர்டர், நாளைக்கு ஐந்து ஹவர், மொத்தம் முப்பது. டைம்டேபிளில் ஃப்ரீ என்று ஒரு கட்டமும் கிடையாது. இருந்தும் ஃப்ரீ வருகிறது. ஒருவர் லீவு, ஒருவர் பேப்பர் திருத்தப் போயிருக்கிறார், ஒரு பாடத்துக்குக் கௌரவ விரிவுரையாளர் இன்னும் வரவில்லை, பாதிப் பேர் லேபுக்குப் போய்விட்டார்கள். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, முன்கூட்டியே தெரிகிற ஃப்ரீ: 'போர்த் டே ஆர்டர், செகண்ட் ஹவர், இந்த மாதம் முழுக்க ஆள் இல்லை' என்கிற மாதிரி. இன்னொன்று திடீரென்று வருவது. திடீரென்று வருவதை அப்படியே விட்டுவிடு. பேசு, நட, மரத்தடியில் உட்கார், போனும் பார். தெரிந்து வருகிற ஃப்ரீ ஹவருக்கு மட்டும் ஒரே ஒரு வேலையை நேர்ந்து விடு. ஒன்றே ஒன்று. அந்த ஹவரில் அதைத் தவிர வேறு செய்வதில்லை என்று வைத்துக்கொள்.

என்ன வேலை? எங்கள் நூலகத்தின் பின் வராந்தாவில் தாவரவியல் பெண்கள் ஐந்து பேர் உட்காருவார்கள். ரெக்கார்டு நோட்டில் தண்டின் குறுக்குவெட்டு வரைய வேண்டும். ஷேடு அடிக்கக் கூடாது, கோடு ஒரே இழுப்பில் சுத்தமாக விழ வேண்டும், பாகங்களின் பெயர் வலது பக்கம் வரிசையாக வர வேண்டும். கண்ணும் கையும் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அதனால் அவர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாலு பேர் வரைவார்கள். ஒருத்தி அன்றைய செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசிப்பாள். அடுத்த முறை அவள் வரைவாள், வேறொருத்தி வாசிப்பாள். தலையங்கம் வரும்போது பென்சில் நின்றுவிடும், சண்டை தொடங்கும். மூன்று வருஷம் இது நடந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் செய்ததெல்லாம், செய்தித்தாளை அந்த ஒரு மணி நேரத்துக்கு வராந்தாவுக்கு எடுத்துப்போக விட்டதுதான்.

உனக்கும் அப்படி நாலு பேர் கிடைப்பார்கள். வணிகவியலில் வரைய எதுவும் இல்லாவிட்டால் என்ன, டேலி ஆகாத கணக்கு ஒன்று எப்போதும் இருக்குமே.

என் மகன் பி.எஸ்சி. முதலாம் ஆண்டு. வகுப்பு இல்லாத நேரத்தில் கேரம் ஆடுகிறானாம். கேட்டால் ஒப்புக்கொள்கிறான். நான் கடன் வாங்கிப் பணம் கட்டுவது கேரம் ஆடவா?
ஒரு தகப்பனார், பெரம்பலூர்

ஐயா, கேட்டதும் ஒப்புக்கொள்கிற பிள்ளை உங்களுக்குக் கிடைத்திருக்கிறான். அதை முதலில் கவனியுங்கள்.

அவனிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா? இன்டர்னல் மார்க் என்ன? இரண்டும் சரியாக இருந்தால் அவன் ஆடுவது ஃப்ரீ ஹவரில்தான், வகுப்பைக் கட் அடித்து இல்லை. அப்படியானால் ஆடட்டும்.

எங்கள் நூலகத்தை ஒட்டிய பழைய ஸ்டோர் ரூமில் ஒரு கேரம் போர்டு கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரைக்கர் விழுகிற சத்தத்தை வைத்தே யார் ஆடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். அதில் ஒரு பையன், இயற்பியல். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவான், புத்தகம் கேட்க வந்தாலும் சீட்டில் எழுதிக் கொடுப்பான், திக்குவாய் என்பதால். ஒருநாள் சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். போர்டில் அவன் காயின் ஒன்று, எதிராளி காயின் ஒன்று, நடுவில் ரெட். சுற்றிப் பத்துப் பேர் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். அவன் போரிக் பவுடரை விரலில் தொட்டு, ஓரத்தில் தேய்த்து, ஸ்ட்ரைக்கரைக் குறுக்கே வைத்தான். ரெட் மூலையில் விழுந்தது. இனி ஃபாலோ போட்டாக வேண்டும், அதாவது அடுத்த அடியிலேயே தன் காயினை விழ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். அவன் காயினோ எதிர்ச் சுவரை ஒட்டி நின்றது. எதிராளி, "விட்டுடுடா, விழாது" என்றான். அதற்கு இவன், திக்காமல், "நீ பாரு" என்றான். காயின் விழுந்ததா என்பதை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரம் நம் ஊரில் ஒதுக்கித் தள்ள வேண்டிய ஆட்டம் இல்லை. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆகி, 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, வடசென்னையில் ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். உங்கள் மகன் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, "எவன்டா உங்க காலேஜ்ல நல்லா ஆடுறவன்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களோடு அரை மணி நேரம் பேசுவான்.

ஃப்ரீ ஹவரில் லைப்ரரியில் தலை சாய்த்தால் தட்டி எழுப்பிவிடுகிறார்கள். தூங்குவது அவ்வளவு பெரிய தப்பா மேடம்?
முதலாம் ஆண்டு மாணவர், ஸ்ரீரங்கம்

தப்பு இல்லை தம்பி. உன் ஊர்ப் பெண் ஒருத்திதான் எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால். வரலாறு முதலாம் ஆண்டு. எப்போது ஃப்ரீ ஹவர் வந்தாலும் நேரே அகராதி அலமாரிக்குப் போவாள். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன், 1924-இல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, பிறகு 1939-இல் ஓர் அநுபந்தம். ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி இருக்கும். அதில் ஒன்றைத் தூக்கி வந்து, துப்பட்டாவை நாலாக மடித்து அதன்மேல் போட்டு, கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள்.

மூன்றாவது நாள் நான் போய் மேசையைத் தட்டினேன். "இது என்ன சத்திரமா?" என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் பதறி எழுந்து புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்து, வெடித்திருந்தது. கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வாழை நார் ஒரு துணுக்கு. கிட்டே போனால் மல்லிகை வாசம், ஆனால் தலையில் பூ இல்லை.

அவளும் அவள் அம்மாவும் சாத்தார வீதிக் கடைகளுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறவர்கள். ராத்திரி பூ வந்து இறங்கும். மொட்டு விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். நடுச்சாமம் எழுந்து உட்கார்ந்தால் விடிந்து ஆறரைக்குத்தான் எழுந்திருப்பாளாம். குளித்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, டவுன் பஸ்.

அன்றைக்கே எங்கள் அட்டெண்டரிடம் சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளையை யாரும் எழுப்பக் கூடாது, பெல்லுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நீங்களே போய் மெதுவாகக் கூப்பிடுங்கள் என்று. அவர் அதை மூன்று வருஷமும் தவறாமல் செய்தார்.

இதில் நான் சொல்ல வந்தது வேறு. அவள் ஒரு மணி நேரமும் தூங்கமாட்டாள். அரை மணி தூங்குவாள். விழித்ததும், தலைக்கு வைத்த புத்தகம்தானே என்று அதையே புரட்டிக்கொண்டிருப்பாள். அடுத்த வருஷம் ஒருநாள் என் மேசைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள். கண்ணி, கோதை, தார், தெரியல், தொடையல், பிணையல், அலங்கல். "பூ மாலைக்கு இத்தனை பேரா மேடம்? நாங்க சரம்னும் மாலைன்னும் மட்டும்தான் சொல்றோம்" என்றாள். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

நீ எதனால் தூங்குகிறாய் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி வேலைக்குப் போகிறாயா? அப்படியானால் நூலகரிடம் நேரில் போய்ச் சொல். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். போனைப் பார்த்துக்கொண்டு ரெண்டு மணி வரை விழித்திருக்கிறாய் என்றால் அதை நீதான் சரி செய்ய வேண்டும். காலையில் சாப்பிடாமல் வருகிறாய் என்றால் உன்னைச் சாய்ப்பது தூக்கம் இல்லை, பசி. கேண்டீனில் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கு.

எங்கள் கல்லூரியில் ஃப்ரீ ஹவரில் பையன்கள் கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போகலாம். பெண்கள் போனால் ஐ.டி. கார்டை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். உள்ளே உட்காரவும் இடம் இல்லை. வகுப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள். படிக்கட்டில்தான் உட்காருகிறோம்.
மூன்று மாணவிகள், துறையூர்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரே கட்டணம் கட்டி, ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குக் கேட்டில் மட்டும் இரண்டு சட்டம் எப்படி வரும்? பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்புக்கு ஒரு விதி வேண்டும் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். உள்ளேயே இரு என்று சொல்கிறவர்கள், உள்ளே உட்கார இடம் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து ஒரு பெண் படிக்க வருவதற்கு இன்றைக்கு வழிகள் வந்திருக்கின்றன. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. இவ்வளவும் தாண்டிக் கல்லூரிக்குள் வந்து சேர்ந்த பிறகு படிக்கட்டில் உட்கார வைப்பதா?

கேட்டைப் பற்றி இப்போது பேசினால் அது நீளும். முதலில் இடத்தைக் கேளுங்கள். வெறுமனே 'வசதி செய்து தர வேண்டும்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. நான் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்து இந்த மாதிரி மனுக்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டடம், எந்த அறை, எந்த ஹவரில் காலியாக இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். 'முதல் மாடி 14-ஆம் அறை செகண்ட் ஹவரிலும் போர்த் ஹவரிலும் காலியாக இருக்கிறது, சாவியை எங்கள் துறை அலுவலக உதவியாளரிடம் கொடுத்து வைத்தால் போதும், கூட்டிப் பூட்டுவது எங்கள் பொறுப்பு' என்று எழுதுங்கள். ஒவ்வொரு வகுப்பு சி.ஆர். கையெழுத்தும் வாங்குங்கள், பையன்களுடையதும் சேர்த்து. குடிதண்ணீரும் கழிப்பறையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையும் அதிலேயே சேருங்கள். ஒரு பேராசிரியை கூட வந்தால் முதல்வரைப் பார்ப்பது சுலபம்.

நான் வேலை பார்த்த இடத்திலும் பெண்கள் ஓய்வறை என்று ஒன்று இருந்தது. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற அறையாகப் பல வருஷம் கிடந்தது. அதைத் திறக்க வைத்தது இப்படிப்பட்ட ஒரு மனுதான். நான் அதற்கு முன் மூன்று முறை வாயால் சொல்லிப் பார்த்து நடக்காத காரியம்.

எழுதிக் கொடுத்துவிட்டு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

ஃப்ரீ ஹவரில் அரட்டை அடிப்பது நேர விரயம் என்கிறார் எங்கள் ஹெச்.ஓ.டி. உங்கள் கருத்து?
இளங்கலைத் தமிழ் மாணவர், முசிறி

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் தினமும் அரட்டை அடிக்கும். அதில் ஒருவன் இரண்டு நாளாக வரவில்லை. வகுப்பில் அதை ஆப்சென்ட் என்று குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மரத்தடியில்தான் 'ஏன் வரலை?' என்று கேட்டார்கள். செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாமல் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தது. அந்த ஃப்ரீ ஹவரிலேயே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மிச்சத்துக்கு என்னிடம் வந்து நின்றார்கள். திங்கட்கிழமை அவன் வகுப்பில் இருந்தான்.

என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேரச் சொல்கிறார்கள். ஃப்ரீ ஹவர் எல்லாம் போய்விடுமா?
முதலாம் ஆண்டு மாணவி, லால்குடி

போகாது. 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் அது. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். முகாமுக்காகவாவது சேர். ரத்ததானம் என்று வந்தால், 18 வயதும் 45 கிலோ எடையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், வெறும் வயிற்றோடு போய்ப் படுக்காதே.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுத நினைக்கிறேன். கோச்சிங் போகப் பணமில்லை. ஃப்ரீ ஹவரை மட்டும் நம்பிப் படிக்க முடியுமா?
மூன்றாம் ஆண்டு மாணவர், அரியலூர்

ஃப்ரீ ஹவர் மட்டும் போதாது. ஆனால் அதிலிருந்து தொடங்கலாம். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் சரிபாதி, 100 கேள்வி, தமிழ். அந்தப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மிச்ச விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஃப்ரீ ஹவரைத் தமிழுக்கு வைத்துக்கொள். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக எடு. தனியாகப் படிக்காதே. மூன்று பேர் சேருங்கள். ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும், மற்ற இருவர் பதில் சொல்லட்டும். தப்பு வந்த கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் அந்த நோட்டு ஒன்று போதும். கணக்கும் பொது அறிவும் சனி, ஞாயிறு உங்கள் ஊர் அரசு நூலகத்தில். அங்கே போட்டித் தேர்வுப் புத்தகம் இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்க் கேள்.

ஆசிரியர் வராத வகுப்பை நூலகத்துக்கு அனுப்பினால் பிள்ளைகள் அங்கே பேசிச் சத்தம் போடுகிறார்கள், நூலகர் எங்களைக் கோபிக்கிறார். இப்போது யாரையும் அனுப்புவதில்லை. சரிதானே?
கௌரவ விரிவுரையாளர், கரூர்

சரியில்லை, ஐயா. ஆனால் உங்கள் நூலகரைப் போலத்தான் நானும் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'அமைதி' என்று நாலு சுவரிலும் எழுதி ஒட்டினேன். முணுமுணுப்பு கேட்டால் வெளியே அனுப்பினேன். ஒரு வருஷம், ஃப்ரீ ஹவர்க் கூட்டம் தாங்கவில்லை என்று வாசிப்பறையை மத்தியானம் வரை பூட்டியே வைத்தேன். நூலகம் அமைதியாக இருந்தது. ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் புத்தகம் எடுத்தவர்கள் எண்ணிக்கை பாதிக்கு வந்திருந்தது. பேச வந்த பிள்ளைகள்தான் போகிறபோது ஒரு புத்தகத்தையும் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளைத்தான் இன்றைக்கும் உலகமெங்கும் நூலகப் படிப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நாங்கள் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள். ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, பையை வை, கையெழுத்துப் போடு, ஐ.டி. கார்டு எங்கே என்று பத்து நிமிஷம் தின்றுவிட்டு, அப்புறம் பேசாதே என்று விரட்டினால், அந்த விதியை நாங்கள் எங்கே காப்பாற்றினோம்?

நான் பிறகு செய்தது இதுதான். பின் வராந்தாவைப் பேசுகிறவர்களுக்கு விட்டேன். உள் அறை படிக்கிறவர்களுக்கு. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, திரும்பி வந்த புத்தகங்களை அலமாரிக்கு அனுப்பாமல் அங்கேயே பரப்பி வைத்தேன். யாரோ ஒருவர் படித்த புத்தகம் என்றால் இன்னொருவருக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. உங்கள் நூலகரிடம் இதைக் காட்டுங்கள். பிள்ளைகளை அனுப்பும்போது கையில் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள். 'அமராவதி அணை எந்த வருஷம் கட்டியது, பார்த்து வா' என்கிற அளவில் சின்னதாக இருந்தால் போதும்.

எனக்குப் பார்வை இல்லை. எம்.ஏ. படிக்கிறேன். ஃப்ரீ ஹவரில் நண்பர்களில் யாராவது ஒருவர் எனக்குப் பாடத்தை வாசித்துக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
முதுகலை மாணவர், புதுக்கோட்டை

தம்பி, உங்களுக்காக உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் நானே கேட்கிறேன். இதைப் படிக்கிற புதுக்கோட்டைப் பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

எப்படி வாசிப்பது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு பழக்கம் வேண்டும். எங்கள் நூலகத்தில் இப்படி ஒருவர் இருந்தார். அவருக்கு வாசித்த பெண், முதல் நாள் செய்யுளை உரைநடை மாதிரி ஓட்டிக்கொண்டு போனாள். அவர் கையை உயர்த்தி, "சீர் பிரிச்சு வாசிம்மா, எனக்குக் கண்ணு அதுதான்" என்றார். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு சீரிலும் நின்று, அடி முடிந்ததும் மேசையில் ஒரு விரலால் தட்டுவாள். பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். அடிக்குறிப்பு வந்தால் 'அடிக்குறிப்பு' என்று சொல்லிக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தேர்வில் அவரைவிட அவள் குறைவாக எடுக்கவில்லை. வாசித்தவளுக்கும் பாடம் ஏறியிருந்தது.

இப்போது போன் இருக்கிறது. ஒரு ஃப்ரீ ஹவரில் ஒரு கட்டுரையை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பார். ஆள் வாசிக்கத்தான் வேண்டுமா, போனே வாசிக்குமே என்பீர்கள். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் வெறும் படமாகத்தான் இருக்கும், அதைப் போன் பல நேரம் சரியாக வாசிக்காது. எழுத்தாக மாற்றித் திருத்தினால் சரியாக வாசிக்கும். அதற்கும் ஒரு வழி உண்டு. யாரும் படிக்கவும் திருத்தவும் முடிகிற இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களின் பக்கப் படமும் அதன் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கணினி தப்பாகப் படித்த எழுத்தை நாம் படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தால் பச்சை. ஒரு ஃப்ரீ ஹவரில் மூன்று நாலு பக்கம் மஞ்சளாக்கலாம். போனைத்தான் பார்ப்பேன் என்கிற பிள்ளைகள் இதையும் போனிலேயே செய்யலாம்.

நீங்கள் உங்கள் துறைத் தலைவரிடம் ஒரு கோரிக்கை மட்டும் வையுங்கள், தம்பி: எந்த ஹவர் ஃப்ரீ என்பதைக் காலையிலேயே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. கடைசி நேரத்தில் தெரிந்தால் எல்லாரும் கலைந்து போயிருப்பார்கள்.

இவ்வளவு சொல்கிறீர்களே அம்மா, நீங்கள் படித்த காலத்தில் ஃப்ரீ ஹவரில் என்ன செய்தீர்கள்?
ஒரு வாசகி, திருவெறும்பூர்

1980-இலிருந்து 83 வரை. ஹாஸ்டல். ஃப்ரீ ஹவர் வந்தால் நான் மெஸ்ஸுக்குப் பின்னால் போவேன். அங்கே சமையல் அக்கா மத்தியானத்துக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருப்பாள். அவள் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவனுக்கு மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர், அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

"நலம், நலமறிய ஆவல்னு போட்டியா?" என்று முதலில் கேட்பாள். போட்டேன் என்றால்தான் அடுத்தது. கன்று போட்டிருக்கிறது, காரைக் கட்டடத்துக்காரர் வாடகை கேட்கிறார், அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. சொல்லிக்கொண்டே வருகிறவள் திடீரென்று நிறுத்தி, "இன்னும் எவ்வளவு இடம் இருக்கு?" என்பாள். ஓர் இடமும் வெள்ளையாகப் போகக் கூடாது அவளுக்கு. காசு கொடுத்து வாங்கிய தாள். கையில் வாழைக்காய்க் கறை இருப்பதால் தொடாமல், குனிந்து எட்டிப் பார்ப்பாள். இடம் இருந்தால் அரிசி விலை, அதுவும் போதாவிட்டால் அன்றைக்கு மெஸ்ஸில் என்ன குழம்பு என்பது வரை வரும்.

கடைசியில் ஒட்டுகிற மடிப்பில் ஒரு விரல் அகலம் மிஞ்சும். "அதுல உன் பேரைப் போடு. எழுதினது யாருன்னு அவனுக்குத் தெரியணும்" என்பாள்.